எல்லா ராசிக்கும் பொதுப்பலன்

உட்காருங்க ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், பின்னங்கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்க. பெயின்ட் ஒட்டியிருக்கிறது, பயப்படாதீங்க, காய்ந்த பெயின்ட்தான். எங்க வீட்டுக்காரங்க பெயின்டர். உங்களை மாதிரி இல்லை, சுவருக்கு அடிக்கிறவங்க.

அத்தை நூறு நாள் வேலைக்குப் போயிருக்காங்க. கண்மாய்க்கரையில்தான் வேலை, வருகிற நேரம்தான். அதுவரைக்கும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே பேசுகிறேன். தப்பாக நினைக்காதீங்க. ஆம்பளைங்க முன்னால் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பொம்பளைங்க முன்னாலும் அவ்வளவாக இல்லை. அஞ்சாப்பு படிக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்து பெயரைக் கேட்டதற்கே அழுதுவிட்டேனாம். எங்க அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கும். சீனியம்மாள் என்று சொல்வதற்கு என்ன அழுகை.

நிற்பது ஒன்றும் கஷ்டமில்லை ஐயா. ஒன்பதாம் மாசம், உட்கார்ந்தால்தான் கஷ்டம். இது இரண்டாவது. இந்தப் பிரசவத்துக்கு நான் கழுகுமலைக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போகணும். போக முடியாமல் இருக்கிறது. அது உங்களால்தான். கோபமாகச் சொல்லவில்லை. உங்களால் ஆனது, உங்களால்தான் சரியாகவும் ஆகணும் என்று சொல்ல வந்தேன். அது பிறகு. முதலில் நீங்க கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்க சிந்தனையால் எங்க வாழ்க்கை எப்படி மாறியது என்றுதானே கேட்டீங்க? மாறியது ஐயா. நன்றாகவே மாறியது. நீங்க வரைந்துகொண்டே கேளுங்க. அந்தச் செம்பையா வரைகிறீங்க? அது ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதே. உள்ளே நல்ல செம்பு இருக்கிறது, எடுத்து வரட்டுமா? வேண்டாமா. நசுங்கினதுதான் அழகா. சரி. அது பங்குனியில் அத்தை எங்க வீட்டுக்காரங்க மேலே எறிந்து நசுங்கினது. அதுவும் உங்க கணக்கில்தான் வரும்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லணும். பெயர் சுடலைவடிவு. எழுத்து தெரியாது. ஆனால் காலண்டர் இல்லாமல் அவங்களுக்குப் பொழுது விடியாது. மாமா உயிரோடு இருந்த காலத்திலிருந்து கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடையில் வருசா வருசம் தினசரி காலண்டர் வாங்கி வந்துவிடுவாங்க. காலையில் முகம் கழுவி, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்று, முந்தின நாள் தாளைக் கிழிப்பாங்க. நான் வாசிக்கணும். நல்ல நேரம், ராகு காலம், சூலம், அப்புறம் ராசிபலன். மேஷம் லாபம், ரிஷபம் அலைச்சல், மிதுனம் பகை, இப்படி ஒரு ராசிக்கு ஒரு வார்த்தை. யாருக்கு என்ன வந்திருக்கிறதோ அவங்க அன்றைக்கு அப்படி இருந்துகொள்ளணும். என் ராசிக்குப் 'பகை' என்று வந்தால் அத்தை அன்றைக்கு என்னோடு பேச மாட்டாங்க. எனக்கு அது நிம்மதியாக இருக்கும். எங்க வீட்டுக்காரங்களுக்கு 'அலைச்சல்' வந்தால், வேலை உள்ளூரில் இருந்தாலும் சும்மாவாவது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வருவாங்க.

அடுத்த நாள் தாளை முன்கூட்டித் தூக்கிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அந்த நாள் வேகாமல் போய்விடுமாம். பாதியில் இட்லிச் சட்டியைத் திறக்கிற மாதிரி.

இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசுவது அந்த ஒரு நேரம்தான். மற்றபடி 'ம்', இல்லாவிட்டால் 'சரி அத்தை'. காலண்டர் முன்னால் நின்றால் மட்டும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி குரல் வந்துவிடும். ஏன் என்றால் அது நான் சொல்வது இல்லையே. தாள் சொல்வது.

இந்த வருசம் கடையைப் பெரியவரிடமிருந்து மகன் எடுத்துக்கொண்டார். பெங்களூரில் இருந்துவிட்டு வந்தவர். புதுசாக ஏதாவது செய்யணும் என்று ராசிபலனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்களைப் போட்டுவிட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ் வருசப் பிறப்பு அன்றைக்கு வாசிக்க நின்றேன். நல்ல நேரம் வாசித்தேன், ராகு காலம் வாசித்தேன், ராசிக்கு வந்தால் மேஷத்தைக் காணோம். ஒரு டீ டம்ளர் படம். அதன் கீழே, 'ஒரு கோப்பைத் தேநீரை அது முடியும்வரை அருந்து. வேறெங்கும் இராதே. ஓவியர் தருணன்.'

'எந்த ராசிக்கு?' என்றாங்க அத்தை.

அடுத்த பஸ்ஸுக்கே காலண்டரைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாங்க. அந்தத் தம்பி பயந்துபோய், இது தனித்தனி ராசிக்குக் கிடையாது ஆச்சி, எல்லாருக்கும் பொது, ஒரு பெரிய ஓவியர் தினசரி வாழ்க்கையை எப்படி ரசிக்கணும் என்று எழுதியிருக்கார், தினம் இதன்படி நடந்து பாருங்க என்று சொல்லி, கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார். அத்தை திரும்பி வந்து தெரு பூராவும் சொன்னது இதுதான்: இந்த வருசம் எல்லா ராசிக்கும் ஒரே பலன். கிரகமெல்லாம் ஒரே கட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து டீ கொடுத்தாங்க. முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. என் மகள் கனிஷ்காவுக்கு மூணு வயசு, பாதி டம்ளரில் அவளுக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். வேறெங்கும் இராதே என்று எழுதியிருந்தீங்களே.

காப்பி ஆறுகிறது பாருங்க. ஓ, ஆறுவதைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பீங்களா. சரி சரி.

உங்க எழுத்து எனக்கு வாசிக்க வரும். என்ன சொல்கிறீங்க என்பதுதான் சில நாள் பிடிபடாது. அத்தைக்குச் சுத்தமாகப் பிடிபடாது. வாசித்து முடித்ததும் 'அப்படின்னா என்னட்டீ?' என்று என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. யாராவது சொல்லித்தானே ஆகணும்? நான் அர்த்தம் சொன்னேன். தாளில் இல்லாததை ஒரு எழுத்து வாசித்தது கிடையாது ஐயா. அச்சில் இருப்பதை மாற்றி வாசிக்க எனக்கு நாக்கு வராது. அர்த்தம்தான் சொன்னேன்.

மாசியில் ஒரு நாள், 'இன்று உன் கைகளுக்கு விடுமுறை. அவை என்ன கனவு காண்கின்றன என்று கேள்' என்று வந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு மூட்டை மிளகாய் வற்றல் காம்பு கிள்ளக் கிடந்தது. கையால் வேலை செய்யக் கூடாதாம் அத்தை என்றேன். 'யாரு?' என்றாங்க. நான் யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன், வாசிக்கிறவங்க என்று. அதுதானே ஐயா நியாயம்? நீங்க வாசிக்கிறவங்களைப் பார்த்துத்தானே எழுதுறீங்க. அத்தை வாசிக்கிறவங்க இல்லையே. மூட்டையை அவங்களே கிள்ளினாங்க. கை எரிகிறது என்று மோரில் முக்கிக்கொண்டு இருந்தாங்க. நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனவு ஒன்றும் தெரியவில்லை. நகம் வெட்டணும் என்று தெரிந்தது.

'அழுக்கும் ஒரு வண்ணமே' என்று வந்த நாளில் துணி துவைக்கவில்லை. 'பிழைகளைக் கொண்டாடு' என்று ஒரு நாள் வந்தது. அன்றைக்குப் புளிக்குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. வேண்டுமென்று போடவில்லை, காலையில் வாசித்ததையே நினைத்துக்கொண்டிருந்ததில் கை தவறிவிட்டது. அத்தை ஒரு வாய் வைத்தாங்க. என்னைப் பார்த்தாங்க. காலண்டரைப் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாங்க. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து என் சமையலுக்கு ஒரு குறை வராமல் போனது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இது மாதிரி எழுதிக்கொள்ளுங்க ஐயா. இதைத்தானே கேட்க வந்தீங்க. எழுதவில்லையா?

எங்க வீட்டுக்காரங்க கதையைச் சொல்கிறேன். பங்குனியில், 'இன்று ஒரே ஒரு நிறத்தோடு மட்டும் இரு' என்று போட்டிருந்தீங்க. எட்டயபுரத்தில் ஒரு ரிடையர்டு தாசில்தார் வீட்டில் வேலை. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், அதற்குள் முடிக்கணும். சுவருக்குச் சந்தன நிறம், கதவுக்குக் காப்பிக் கலர், கேட்டுக்குப் பச்சை. கிளம்பும்போது அத்தை வழிமறித்து, இன்றைக்கு ஒரு நிறம்தான், இரண்டாவது டப்பாவைத் திறந்தால் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினாங்க. அவங்க அம்மா பேச்சைத் தட்ட மாட்டாங்க. போனதும் கேட்டில் ஆரம்பித்திருக்காங்க. கேட்டு முடிந்தது, பச்சை மிச்சம் இருந்தது. கதவு முடிந்தது, இன்னும் மிச்சம் இருந்தது. தாசில்தார் சாப்பிட வருவதற்குள் முன்பக்கச் சுவர் பூராவும் பச்சை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற கட்சியாம், அது வேற பிரச்சினை ஆகிவிட்டது.

தாசில்தார் அடிக்க வந்திருக்கார். இவங்க பிரஷ்ஷை விட்டுவிட்டு ஓடிவந்து அத்தை முன்னால் நின்றாங்க. அப்போதுதான் இந்தச் செம்பு பறந்தது. சுவரைப் பச்சையாக்கினதுக்கு இல்லை ஐயா. அத்தை சொன்னது இது:

"ஒரே நெறத்தோட இருன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். தோள்ல செகப்புத் துண்டைப் போட்டுட்டுப் போயிருக்கியே கொம்பையா. அப்புறம் வேலை போவாம என்ன செய்யும்?"

அதிலிருந்து எங்க வீட்டுக்காரங்களுக்கும் உங்க மேலே ஒரு பிடிப்பு. அடுத்த வாரமே, 'சும்மா இருப்பதும் ஒரு படைப்பே' என்று வந்தது. அதற்கு நான் அர்த்தம் சொல்லவே இல்லை, அவங்களாகவே புரிந்துகொண்டாங்க. அந்தத் தாளை மட்டும் மடித்துப் பர்ஸில் வைத்திருக்காங்க. வேலைக்கு யாராவது கூப்பிட்டால் எடுத்துக் காட்டுகிறாங்க. இப்போது வெளுத்த சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்காருவாங்க. முன்னெல்லாம் அடித்துவிட்டு வந்துவிடுவேன், இப்போதுதான் பார்க்கிறேன் என்கிறாங்க. நீங்க கேட்ட மாற்றம் இதுதானே?

மணி பார்க்கிறீங்களே, அவசரமா? இல்லையா. இது நாலாவது தடவை பார்த்தீங்க, அதனால் கேட்டேன். டிரைவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்துவிட்டேன், கவலைப்படாதீங்க.

அத்தை கெட்டிக்காரங்க ஐயா. எழுத்து தெரியாதே தவிர மற்றதெல்லாம் தெரியும். வைகாசி வாக்கில், 'பாத்திரம் வெறுமையாக இருப்பதால்தான் நிறைகிறது' என்று வாசித்தேன். இன்றைக்குச் சமையல் வேண்டாமாம் அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாங்க. இதற்கு அர்த்தம் எனக்கே தெரிகிறது, குடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது, போய்த் தண்ணீர் எடுத்து வா என்றாங்க. அவ்வளவுதான். அன்றிலிருந்து அர்த்தம் அவங்க பக்கம் போய்விட்டது. 'மூச்சைக் கவனி' என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது, விறகு அடுப்பை ஊது. 'கால்கள் மண்ணைத் தொடட்டும்' என்றால் ஆட்டைப் பத்திக்கொண்டு போ. நீங்க எது எழுதினாலும் அது கடைசியில் எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து விடிந்தது. அத்தைக்கு அப்படி ஒரு கற்பனை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவங்க சொல்வதெல்லாம் தப்பான அர்த்தம். நான் சொன்னது மாதிரி நியாயமாக இருக்காது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எல்லா இடத்திலும் உள்ளதுதான். இரண்டாவதுக்கு அது அவங்கவங்க இஷ்டம். என் ஓரகத்திக்கு இரண்டாவது பிள்ளை இங்கேதான் பிறந்தது. பெற்ற வாரத்திலேயே குடம் தூக்கினாங்க. அவங்க இப்போது திருப்பூரில் இருக்காங்க, இடுப்பு இன்னும் நேராகவில்லை, மெஷினில் உட்கார்ந்து தைக்க முடியவில்லை. அவங்கதான் என்னிடம் போனில் சொன்னது: எப்படியாவது போய்விடு சீனி, பேசாமல் இருந்துவிடாதே என்று. பேசாமல் இருப்பதுதான் எனக்கு வருமே தவிர வேற என்ன வரும்?

கனிஷ்கா பிறந்தபோது அம்மா என்னைப் படுக்கையை விட்டு இறங்க விடவில்லை. வெந்நீர் ஊற்றி, மருந்து இடித்துக் கொடுத்து, பிள்ளையை அவள் மடியிலேயே போட்டுக்கொள்வாள். நான் தூங்குவேன். வேற ஒன்றும் இல்லை ஐயா, தூங்குவேன். அதுதான் எனக்கு வேண்டியது. நீங்க எழுதுறீங்களே, எளிய இன்பம் என்று.

ஆவணியில் எனக்கு ஏழாம் மாசம். ஒற்றைப்படை மாசத்தில்தான் அனுப்புவாங்க. நான் வாய் திறக்கவில்லை, அண்ணன் சங்கிலிராஜ்தான் வந்து கேட்டான். அத்தை என்ன நினைத்தாங்களோ, சரி கூட்டிக்கொண்டு போ என்றுவிட்டாங்க. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பணும் என்று விடியும்போதே ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். அம்மா ஐந்து வகைச் சோறு கட்டி அனுப்பியிருந்தாள். என் பை வாசலில் இருக்கிறது. கனிஷ்கா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தை முகம் கழுவி, திருநீறு பூசி வந்தாங்க. தாளைக் கிழித்தாங்க. வாசித்துவிட்டுப் போ என்றாங்க.

நான் ஒரு தடவை மனசுக்குள் பார்த்துவிட்டு வாசித்திருக்கலாம். சந்தோசத்தில் இருந்தேன். எப்போதும் போல, இன்னும் கொஞ்சம் கூடவே சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தேன்.

'எங்கும் போகாதே. நீ தேடுவது நீ நிற்கும் இடத்திலேயே இருக்கிறது.'

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரிந்தது. வாய் நிற்கவில்லை. 'ஓவியர் தருணன்' வரைக்கும் போய்த்தான் நின்றது.

அத்தை அர்த்தம் கேட்கவில்லை.

அண்ணன் சிரித்தான். "என்னத்தே இது, பாத்திரக்கடைக்காரன் போட்டதைப் பாத்துட்டா பிள்ளைய அனுப்பாம இருப்பீங்க?"

"பாத்திரக்கடைக்காரனா போட்டான்? எல்லா ராசிக்கும் பொதுப்பலன்யா இது. உனக்கும் சேர்த்துத்தான். நீயும் எங்கயும் போவாத. உக்காரு. சோத்தைப் பிரி."

பிரித்தாங்க. எங்க அம்மா எனக்காகக் கட்டிக் கொடுத்த தேங்காய்ச் சோற்றை அத்தைதான் முதலில் எடுத்தாங்க. அண்ணன் கோபத்தில் தொடவில்லை. ஆட்டோக்காரர் நன்றாகச் சாப்பிட்டார். கனிஷ்காவை ஆட்டோவிலிருந்து இறக்கத்தான் பெரிய பாடாகிவிட்டது. அண்ணன் போகிற வழியில் ஆட்டோ டயர் பஞ்சராகி நடு வெயிலில் நின்றுவிட்டான். அந்தச் சேதி வந்ததும் அத்தைக்கு உங்க மேலே இருந்த மதிப்பு ஒரேயடியாக ஏறிவிட்டது. பார்த்தாயா, போகாதே என்று அவ்வளவு சொல்லியும் போனான் என்றாங்க. அன்றைக்கு ஊரில் எத்தனையோ பேர் எங்கெங்கோ போய்விட்டு நல்லபடியாகத்தான் திரும்பி வந்தாங்க. அது கணக்கில் வராதாம்.

என்ன ஐயா? அந்த வருத்தத்தை முழுதாகக் கவனித்தேனா என்றா கேட்கிறீங்க? கவனித்தேன். மத்தியானம் ஏனம் கழுவும்போது கவனித்தேன். சாயங்காலம் ஆட்டைக் கட்டும்போது கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க அது கூடிக்கொண்டேதான் போனது. கரைந்துபோகும் என்றா சொல்றீங்க? எத்தனை மாசம் ஆகும் என்று போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டாம் மாசம் அனுப்ப மாட்டாங்க. இது ஒன்பது. இதை விட்டால் இங்கேதான். சரி, இனிமேல் வரப்போகிற நாளில் ஒரு தாளாவது நமக்குத் தோதாக இருக்காதா என்று எனக்கு ஒரு ஆசை. நான் தூக்கிப் பார்க்கவில்லை ஐயா. கூடாதென்று தெரியுமே. ஃபேன் காற்றில் தாள் தானாகப் புரண்டது, நான் முன்னால் நின்றிருந்தேன், கண்ணில் பட்டது. மார்கழியில் வருகிற கடைசித் தாள் வரைக்கும் பட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரு, நில், அமர், மெல்ல, கவனி, விடு, அங்கேயே இரு. ஒரு தாளில்கூடக் கிளம்பு என்று இல்லை. யாரையும் எங்கேயும் போகச் சொல்லவே இல்லையே ஐயா நீங்க. பஸ் ஓட வேண்டாமா? ஒரு நாளாவது, ஒரு புரட்டாசிச் சனிக்கிழமைக்காவது, போய் வா என்று எழுத உங்களுக்குத் தோன்றவில்லையா?

உங்க வீட்டம்மாவும் இதையெல்லாம் தினம் வாசிப்பாங்களா? அவங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. ஓ, தாய் வீட்டுக்குப் போயிருக்காங்களா? எப்போது போனாங்க? இரண்டு வருசமாகவா? இரண்டு வருசமாக அங்கேயேவா இருக்காங்க?

கொடுத்து வைத்தவங்க.

ஏன் ஐயா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? காப்பியில் சர்க்கரை கூடிப்போனதா?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அத்தை இப்போது வந்துவிடுவாங்க. அவங்க வந்ததும், அம்மா, நான்தான் அதை எழுதினவன், போகாதே என்று நான் எழுதினது வேற எதையோ, பிரசவத்தை இல்லை, அனுப்பி வையுங்க என்று உங்க வாயால் சொல்லிவிடுங்க. நீங்க சொன்னால் கேட்பாங்க. எழுதினவங்களே சொன்ன பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

முடியாதா?

அது எப்படி ஐயா முடியாமல் போகும்? மெதுவாகச் சொல்லுங்க, எனக்குப் புரியவில்லை. கலைஞனின் கையை விட்டுப் போன பிறகு அது அவனுடையது இல்லை. ம். அதற்கு அர்த்தம் சொல்லுகிற உரிமை அவனுக்கே கிடையாது. ம். வாசிக்கிறவங்க மனசில்தான் அர்த்தம் பிறக்கிறது. அதில் தலையிட்டால் அது கலைக்குச் செய்கிற துரோகம்.

அப்படியா ஐயா? நிஜமாகவா? வாசிக்கிறவங்க மனசில்தான் பிறக்கிறதா?

இதை நீங்க தை மாசமே ஒரு தாளில் போட்டிருக்கலாம்.

அப்படியென்றால் ஒன்று செய்வோம். நீங்க அத்தையிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். துரோகமெல்லாம் வேண்டாம். நீங்க சும்மா, எப்போதும் எழுதுகிற மாதிரி ஏதாவது ஒன்று சொன்னால் போதும். அத்தை உங்களை அந்தக் கடைத் தம்பி மாதிரி நினைக்க மாட்டாங்க. நேரில் வந்த பலன் என்று நினைப்பாங்க. தாளாவது ஒரு நாளைக்குத்தான், நேரில் வந்து சொன்னால் அது வருசத்துக்கே ஆகும். அவங்களும் அர்த்தம் சொல்வாங்க, தெரியும். ஆனால் வேலைக்குப் போய்விட்டு வந்ததில் மூச்சு வாங்கும், நான் முந்திக்கொள்வேன்.

நீங்க வந்ததும் உள்ளே போனேனே, அப்போதே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே வா என்றேன். இந்நேரம் ஏறியிருப்பான்.

அதோ, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாங்க பாருங்க, அவங்கதான். எழுந்து நில்லுங்க ஐயா, அத்தைக்கு அது பிடிக்கும். கிழக்கே பார்த்து நின்றால் இன்னும் நல்லது. ஆமாம், அப்படித்தான். ஏன் இப்படி முழிக்கிறீங்க? என்ன சொல்வது என்றா? மூச்சைப் பற்றிச் சொல்லுங்க. மழையைப் பற்றிச் சொல்லுங்க. வெளிச்சம் சுவரில் விழுகிறது, அதைச் சொல்லுங்க. இரு என்று சொன்னாலும் சரி, நில் என்று சொன்னாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை.

நீங்க எதை வேண்டுமானாலும் சொல்லுங்க ஐயா. அர்த்தம் நான் சொல்லிக்கொள்கிறேன்.